கோட்டை இல்லாத மலையில் கோட்டை தேடி

ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்குப் போகும் பஸ் பத்தனையைத் தாண்டி வளைவுகளில் ஏறும்போது, புதிதாக வந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் ஜன்னல் பக்கம் சாய்வார்கள். தேயிலைக்கு நடுவே ஒரு கோட்டை நிற்கிறது. சாம்பல் நிறக் கல், உயர்ந்த கோபுரம், உச்சியில் பல் பல்லாக வெட்டிய மதில் என்று ஸ்கொட்லாந்துப் படங்களில் வரும் கோட்டையின் அச்சு. உள்ளே போனால் ராஜாவும் இல்லை, பீரங்கியும் இல்லை. தேயிலைப் பெட்டிகளும், குடித்துப் பார்க்கக் கோப்பைகளும், விலைச்சீட்டுகளும்தான் இருக்கும். மிலெஸ்னா என்ற தேயிலை நிறுவனம் அண்மைக் காலத்தில் கட்டிய விற்பனை நிலையம் அது. கண்டி வீதியில் கடுகண்ணாவையிலும் அந்த நிறுவனத்துக்கு இதுபோல் ஒரு தேயிலைக் கோட்டை உண்டு. டெவன் அருவியைப் பார்க்க இறங்குகிறவர்கள் இங்கேயும் நுழைந்து, கோபுரத்தோடு ஒரு படம் எடுத்துக்கொண்டுதான் போவார்கள்.

வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் கோட்டை பார்க்கும் ஆசையோடு மலையகம் வருகிறவர் படும் பாட்டை அந்தக் கட்டடமே சொல்லிவிடுகிறது. இலங்கையின் கடலோரம் முழுக்கக் கோட்டைதான்: யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை, மட்டக்களப்பு, மாத்தறை, காலி. போர்த்துக்கேயர் கட்டியது, ஒல்லாந்தர் இடித்துக் கட்டியது, ஆங்கிலேயர் குடியேறியது. மலைக்குள் வந்தால் சுற்றுலாக் கையேடு மௌனமாகிவிடும். அருவி, ரயில், தேயிலை என்று பேச்சை மாற்றிவிடும். மலையிலும் அரண்கள் இருந்தன, சில இன்றைக்கும் இருக்கின்றன. வாசலில் யாரை விட்டார்கள், யாரை நிறுத்தினார்கள் என்று கேட்டுக்கொண்டே போனால்தான் அவை கண்ணில் படும்.

ஐரோப்பாவில் கோட்டைக்குப் பேர்போன நிலம் பிளாண்டர்ஸ். இன்றைய பெல்ஜியத்தின் வடபாதி. அங்கே கென்ட் நகரின் நடுவிலேயே, டிராம் ஓடும் தெருவை ஒட்டி, அகழி சூழ்ந்த கிராவென்ஸ்டீன் கோட்டை நிற்கிறது. 1180இல் பிளாண்டர்ஸ் பிரபு பிலிப் கட்டியது. அந்த நிலத்தின் பெரிய துறைமுகம் அன்ட்வேர்ப். அங்கே பிறந்த இரண்டு கப்பல் தலைவர்கள் நம் மலைக்கதையின் தொடக்கத்திலேயே வருகிறார்கள். ஒருவர் யோரிஸ் வான் ஸ்பில்பெர்கன். மற்றவர் செபால்ட் டி வீர்ட். ஒல்லாந்தர் கொடியோடு வந்தவர்கள் என்பதால் இங்கே பள்ளிப் புத்தகங்களில் ஒல்லாந்தர் என்றே இவர்களைச் சொல்லிவிடுவார்கள்.

ஸ்பில்பெர்கன் 1602இல் மட்டக்களப்பில் இறங்கி, மலையேறிக் கண்டிக்கு வந்து முதலாம் விமலதர்மசூரியனைச் சந்தித்தார். அரசனும் கப்பல் தலைவரும் கைகுலுக்கும் செதுக்குப் படம் இலங்கை வரலாற்று நூல்களில் அடிக்கடி அச்சாகும். அந்தச் சந்திப்பில் அரசன் சொன்னதாக ஸ்பில்பெர்கன் எழுதி வைத்த பேச்சு கோட்டையைப் பற்றியது. ஒல்லாந்தர் தன் நாட்டில் கோட்டை கட்டுவதானால், தானும் அரசியும் பிள்ளைகளும் கல்லையும் சாந்தையும் தோளில் சுமந்து தருவோம் என்றானாம் அரசன். போர்த்துக்கேயரை விரட்ட அவனுக்கு அவ்வளவு அவசரம். அவரை அடுத்து வந்த டி வீர்ட்டுக்கு அந்த வரவேற்பு நிலைக்கவில்லை. பிடிபட்ட போர்த்துக்கேயரை விடுவித்து அரசனின் சந்தேகத்தைச் சம்பாதித்தார். பிறகு மட்டக்களப்பின் அருகே மூண்ட வாய்த்தகராறில் கூட வந்தவர்களோடு வெட்டுண்டு இறந்தார். அன்ட்வேர்ப்காரர் இருவரில் ஒருவருக்குக் கைகுலுக்கல், மற்றவருக்கு வாள்.

கல் சுமக்கத் தயாராக இருந்த அரசன் கடற்கரையில்தான் கோட்டை கேட்டான். மலைக்கு அது அவ்வளவு தேவைப்படவில்லை. திருக்குறளின் அரண் அதிகாரம் நீரையும் வெளிநிலத்தையும் மலையையும் காட்டையும் அரணாக எண்ணுகிறது. கண்டி இராச்சியத்துக்கு இவை எல்லாமே வாய்த்திருந்தன. மூன்று பக்கம் வளைந்தோடும் மகாவலி, அதற்கு வெளியே செங்குத்து மலை, மலையின் மேல் வெயில் புகாத காடு. 1594இல் பெரோ லோபெஸ் டி சூசாவின் போர்த்துக்கேயப் படை கண்டிவரை வந்து தந்துறையில் அழிந்தது. 1630இல் கொன்ஸ்டன்டீனு டி சா ஊவாவிலிருந்து திரும்பும் வழியில் ரந்தெனிவெலவில் மாண்டார். 1638 மார்ச் 28ஆம் தேதி கன்னொறுவவில் டியோகு டி மெலோவின் படை சுற்றிவளைக்கப்பட்டு, சிலர் மட்டுமே உயிர் தப்பினர். மூன்று முறையும் கதை ஒன்றுதான். உள்ளே வரும்வரை வழி திறந்திருக்கும். திரும்பும்போது அடைந்திருக்கும்.

எப்படி அடைத்தார்கள் என்பதை அருகிலிருந்து பார்த்து எழுதியவர் ரொபர்ட் நொக்ஸ். 1660இல் மூதூர்ப் பக்கம் பிடிபட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டு மலைநாட்டில் சிறையிருந்து, 1679இல் தப்பிய ஆங்கில மாலுமி. 1681இல் வெளியான அவருடைய நூலில் மலைப்பாதைகளின் வாசல்களைப் பற்றி வருகிறது. குச்சிகளை வரிசையாகக் கட்டி, இடையிடையே முள்ளைப் பின்னி, மேலிருந்து தொங்கவிட்ட படல்கள் அவை. தூக்கினால் ஆள் நுழையலாம், இறக்கினால் யானைகூடத் தயங்கும். பக்கத்தில் காவலாளிகள். கடந்து போகிறவர் அனுமதிச்சீட்டுக் காட்ட வேண்டும். அந்தச் சீட்டு களிமண்ணில் குத்திய முத்திரை. படைவீரனுக்குத் தோளில் ஈட்டி ஏந்திய ஆள் உருவம். கூலியாளுக்குத் தோளில் காவடிபோல் தடி வைத்து, இரு முனையிலும் மூட்டை தொங்கவிட்ட ஆள். வெள்ளைக்காரனுக்கு இடுப்பில் வாளும் தலையில் தொப்பியும் வைத்த உருவம். எழுதப் படிக்கத் தெரியாத காவலாளியும் மண் வில்லையைப் பார்த்த மாத்திரத்தில் ஆளைத் தரம் பிரித்துவிடலாம்.

இந்த முள்வாசல்கள் ஒன்றுகூட மிஞ்சவில்லை என்று சொல்லத் தேவையில்லை. அவற்றின் நினைவு எஞ்சிய இடத்தைப் பார்க்க விரும்புகிறவர் கொழும்பு – கண்டி ரயிலில் கடுகண்ணாவைக்கு முன்னால் பலன என்ற சிறு நிலையத்தில் இறங்கலாம். மேலே குன்றின் முதுகில் இருந்தது பலனக் கோட்டை. கண்டிக்கு ஏறும் பாதையின் மூச்சுக்குழாயைப் பிடித்த காவலிடம். போர்த்துக்கேயர் பிடித்தார்கள், கண்டிப் படை மீட்டது, திரும்பவும் பிடித்தார்கள், திரும்பவும் விட்டு ஓடினார்கள். இன்று பார்க்க அங்கே அதிகம் இல்லை. அத்திவாரத் தடங்கள், கல் வரிசைகள், காடு. மதில் பார்க்கும் ஆசையோடு போகிறவருக்கு ஏமாற்றம்தான். ஆனால் அங்கே நின்று மேற்கே கீழே பார்த்தால், தாழ்நிலம் முழுவதும் திறந்து கிடக்கும். ஏறி வருகிற படையை இங்கிருப்பவன் அரைநாள் முன்னதாகவே கண்டுவிடுவான்.

நுவரெலியா மாவட்டத்துக்குள்ளேயே ஓர் அரச இருப்பிடம் இருந்தது என்றால் தோட்டத்துப் பிள்ளைகளே நம்பமாட்டார்கள். அது ஹங்குராங்கெத்த. 1664இல் இரண்டாம் இராஜசிங்கனுக்கு எதிராகக் கலகம் வெடித்தபோது, அவன் தப்பி வந்து நிலைகொண்ட மலைப்பக்கம் இது. பிறகு அரண்மனை எழுந்தது. நொக்ஸ் விவரிக்கும் அரசவை வாழ்க்கையில் பெரும்பங்கு கண்டி நகரத்தில் நடந்ததல்ல, இந்த மலையில் நடந்தது. தங்களுக்கு எதிரான 1818 கிளர்ச்சியை அடக்கிய ஆங்கிலேயர் அரண்மனையை விட்டுவைக்கவில்லை. எஞ்சிய கற்களும் தூண்களும் ஊரிலுள்ள பொத்குல் விகாரைக்குப் போயின. அந்த விகாரை ஏட்டுச்சுவடித் தொகுப்புக்குப் பேர்பெற்றது. விகாரையின் வாசல்படியில் கால் வைக்கிறவர் ஒரு நிமிடம் குனிந்து பார்க்கலாம். அரண்மனை இப்போது அங்கேதான் சிதறிக் கிடக்கிறது.

கடைசி அரசனுக்குக் கிடைத்தது வேறொரு கோட்டை. ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன், பிறந்த பெயர் கண்ணுசாமி, மதுரை நாயக்கர் வழி வந்தவன். 1815 பெப்ரவரியில் மெதமகாநுவரப் பக்கம் பிடிபட்டான். மார்ச் 2ஆம் தேதி கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தானது. அரசனைக் குடும்பத்தோடு கப்பலேற்றி வேலூர்க் கோட்டையில் கொண்டுபோய் வைத்தார்கள். 1832இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தான். அவன் சமாதியான முத்து மண்டபம் பாலாற்றங்கரையில் இருக்கிறது. இருநூறாண்டுக்கு மேல் மூன்று ஐரோப்பியப் படைகளைக் காட்டையும் மலையையும் வைத்துத் தடுத்த இராச்சியத்தின் கடைசி அரசன் கருங்கல் கோட்டைக்குள் கைதியாய் முடிந்தான். வேலூர்க் கோட்டையைச் சுற்றிப் பார்க்கும் தமிழ்நாட்டு வாசகர்களில் எத்தனை பேருக்கு இது நினைவுக்கு வரும்?

ஆங்கிலேயருக்கு மலையரணின் பலம் நன்றாகத் தெரியும். 1803இல் கண்டிக்கு வந்த அவர்களுடைய படையே உள்ளே சிக்கிச் செத்திருந்தது. ஆகவே முதலில் சின்னச் சின்னக் காவல்கோட்டைகளை எழுப்பினார்கள். ஊவாப் பரணகமவில் மேஜர் மெக்டொனால்ட் 1818 கிளர்ச்சியின்போது சிறு படையோடு பெருங்கூட்டத்தை எதிர்த்து நின்ற குன்றுக்கு அவர் பெயரே வந்தது. ஆனால் உண்மையான வேலையைச் செய்தது கோட்டை அல்ல, வீதி. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் 1820இல் கொழும்பு – கண்டி வீதியைத் தொடங்கினார். பாறையைக் குடைந்து அன்னியர் வந்தால்தான் கண்டி விழும் என்று ஊரில் ஒரு பழங்கதை உண்டாம். கடுகண்ணாவையில் வீதி நிஜமாகவே ஒரு பாறையைக் குடைந்து போகிறது. வீதி போட்ட கப்டன் டோசனுக்கு 1832இல் கட்டிய வெள்ளைக் கோபுரம் பக்கத்திலேயே நிற்கிறது. பஸ்ஸிலிருந்தே பார்க்கலாம். மலையரண் உடைந்த இடத்துக்கு வைத்த அடையாளக்கல் என்றே அதைச் சொல்லலாம்.

காட்டரண் விழ இன்னும் கொஞ்ச காலம் எடுத்தது. 1824இல் ஜோர்ஜ் பேர்ட் கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியில் கோப்பித் தோட்டம் திறந்தார். அடுத்த அரை நூற்றாண்டில் கோடரிக்குத் தப்பிய மலை குறைவு. அந்தக் கோடரியைப் பிடித்த கைகள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து வந்த கைகள். இராமேஸ்வரம் பக்கமிருந்து தோணியில் வந்து, தலைமன்னாரிலோ அரிப்பிலோ இறங்கி, மாத்தளை வரை காட்டுவழியே நடந்தார்கள். மன்னாரில் 1560இல் போர்த்துக்கேயர் கட்டித் தொடங்கிய கோட்டை, அரிப்பில் இன்னொரு சிறு கோட்டை. புதிய நாட்டில் பலர் முதலில் கண்ட பெரிய கட்டடமே கோட்டையாக இருந்திருக்கும். வழியில் காலராவும் காய்ச்சலும் பசியும் அள்ளிக்கொண்டு போனவர்கள் போக மிச்சப்பேர் மலை ஏறினார்கள். அவர்கள் வந்து இருநூறாண்டானதை நினைவுகூர்ந்து 2023இல் நடந்த மலையகம் 200 நடைபயணம் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு அந்த வழியைத் திரும்ப நடந்து காட்டியது. எந்தப் படையாலும் வெட்டிச் சாய்க்க முடியாத அரணை, நாட்கூலிக்கு வந்த அந்த மனிதர்கள் சாய்த்தார்கள். இதை எந்தக் கோட்டை வரலாறும் அவர்கள் கணக்கில் எழுதுவதில்லை.

காடு போன இடத்தில் புதிய கோட்டை எழுந்தது. அதற்குப் பெயர் துரை பங்களா.

இதை உவமையாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். கோட்டைக்குரிய இலக்கணம் எல்லாம் பொருந்தும். மேட்டில் இருக்கும், அங்கிருந்து தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரும் தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயமும் மலைப்பாதையும் தெரியும். லயத்திலிருந்து பார்த்தால் சைப்ரஸ் மரவரிசையும் கூரைப் புகைபோக்கியும் மட்டும் தெரியும். வண்டி வரும் பாதை வேறு, சமையல்கார அப்புவும் தோட்டக்காரரும் வரும் பின்வாசல் வேறு. வெளியாள் தோட்டத்துக்குள் காலெடுத்து வைத்தால் அத்துமீறல் வழக்கு. தோட்டத்தார் வெளியே போவதற்கும் சீட்டு வேண்டும், அதுதான் துண்டு. ஆட்களைத் திரட்டி வந்த கங்காணிக்கும் அவர் கூட்டத்துக்கும் இவ்வளவு கடன் இருக்கிறது, அதைக் கட்டினால் விடுகிறோம் என்று துரை எழுதிக் கொடுக்கும் காகிதம். துண்டு இல்லாதவரை இன்னொரு தோட்டம் சேர்க்காது. 1921இல்தான் சட்டம் அதை ஒழித்தது. நொக்ஸ் கண்ட மண் முத்திரையில் காவடித்தடி சுமந்து நின்ற கூலியாளுக்கு, இருநூற்றைம்பது ஆண்டு கழித்தும் சீட்டில்லாமல் வாசல் தாண்ட முடியவில்லை.

இந்தக் கோட்டைக்குள் வேடம் போட்டு நுழைந்தவர் கோ. நடேசய்யர். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பத்திரிகைக்காரர். தோட்டத் தொழிலாளர் நிலையைக் கண்ணால் பார்க்க வேண்டும், பார்க்கத்தான் விடமாட்டார்கள். புடவை வியாபாரிக்குத் தடை இல்லை என்று கண்டு, துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டு லயம் லயமாகப் போனார். பிறகு ஹட்டனை மையமாக வைத்துத் தொழிற்சங்கம் கட்டினார், சட்டசபைக்குப் போனார். அவர் மனைவி மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாடிய பாட்டுகள் சிறு புத்தகங்களாகத் தோட்டம் தோட்டமாகப் போயின. கோட்டை முற்றுகை என்றால் பீரங்கிதான் வேண்டும் என்பதில்லை.

எல்லா முற்றுகையும் பாட்டோடு முடியவில்லை. ஹேவாஹெட்டப் பக்கம் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தில் 1940 ஜனவரியில் பொலிஸ் சுட்டு கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். மலையகத் தொழிலாளர் போராட்டத்தின் முதல் தியாகி என்று அவரை நினைவுகூர்கிறார்கள். அந்த மலைப்பக்கத்தையே ஒரு நாள் பயணமாக வைத்துக்கொள்ளலாம். கண்டியிலிருந்து ஹேவாஹெட்ட வீதியில் ஏறினால் முல்லோயா, ஹங்குராங்கெத்த, 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்ட லூல்கந்துர எல்லாம் ஒன்றுக்கொன்று அதிக தூரமில்லை. டெய்லர் உட்கார்ந்து மலை பார்த்த கல் இருக்கைக்கு வழிகாட்டிப் பலகை உண்டு. ஒரே மலையில் அரசன், துரை, தொழிலாளி என்று மூவர் தடமும் இருக்கிறது. வழிகாட்டிகள் பெரும்பாலும் நடுவிலுள்ளவரை மட்டுமே காட்டுகிறார்கள்.

பங்களா என்ற நிலையையும் தாண்டி, நிஜமான கோட்டை கட்டிக்கொள்ள ஆசைப்பட்டவரும் இருந்தார். சேர் தோமஸ் வில்லியர்ஸ். இங்கிலாந்துப் பிரதமராக இருந்த ஜோன் ரசல் பிரபுவின் பேரன். இளம் வயதில் தோட்டத்துச் சின்ன துரையாக வந்து, கடைசியில் கொழும்பின் பெரிய வணிக நிறுவனமான ஜோர்ஜ் ஸ்டுவர்ட் கம்பனியின் தலைவரானார். ஹப்புத்தளைக்கு மேற்கே, ரயில் நிலையத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் தூரத்தில் ஒரு மலைவிளிம்பில் கருங்கல்லால் மாளிகை கட்டி 1931இல் குடிபுகுந்தார். இங்கிலாந்தின் கெண்ட் மாவட்டத்து லீட்ஸ் கோட்டையை மனத்தில் வைத்துக் கட்டியது என்பார்கள். பெயரும் அந்த மாவட்டத்து ஊர்ப்பெயர்தான்: அடிஷம். கனத்த கல் சுவர், ஒடுங்கி உயர்ந்த ஜன்னல்கள், பர்மாத் தேக்கு ஓடு வேய்ந்த கூரை. பக்கத்துக் காட்டுக்குத் தங்கமலை என்று பெயர்.

அடிஷமின் பின்கதை இன்னும் சுவை. உரிமையாளர் மாறி மாறி, 1960களின் தொடக்கத்தில் மாளிகை பெனடிக்ட் சபைத் துறவிகளின் கைக்கு வந்தது. இன்று அது புனித பெனடிக்ட் மடம். வரவேற்பறையும் நூலகமும் பார்க்கத் திறந்திருக்கின்றன. வில்லியர்ஸ் காலத்துத் தளபாடங்கள் அப்படியே உள்ளன. மாடியில் துறவிகள் வாழ்வதால் அங்கே யாரையும் விடுவதில்லை. துரைமாரும் அவர்தம் விருந்தினரும் மட்டும் நடந்த புல்தரையில் சனி, ஞாயிறுகளில் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வரும் குடும்பங்கள் உட்கார்ந்து சோற்றுப் பொட்டலம் பிரிக்கின்றன. துறவிகள் காய்ச்சிய ஜாமும் பழச்சாறும் வாசலோரக் கடையில் விற்கும். வார நாளில் போனால் கதவு பூட்டியிருக்கலாம். வார இறுதி, போயா தினம், பாடசாலை விடுமுறை என்று பார்த்துப் போவது நல்லது. மலையகத்தில் ஒரே ஒரு கோட்டைக்கு நேரமிருக்கிறது என்பவருக்கு இதைத்தான் சொல்ல வேண்டும்.

நுவரெலியா நகரத்தைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை; எல்லாரும் எழுதியாயிற்று. பார்ன்ஸ் ஆளுநரின் வீடு 1891இல் கிராண்ட் ஹோட்டலாகியது. 1894இல் கட்டிய செங்கல் தபால் நிலையம் இன்றும் மணிக்கூட்டுக் கோபுரத்தோடு அழகாக நிற்கிறது. முத்திரை வாங்குவதுபோல் உள்ளே நுழைந்து பார்க்கலாம். ஹில் கிளப் மட்டும் கொஞ்சம் நிற்க வேண்டிய இடம். 1876இல் தொடங்கிய துரைமார் சங்கம் அது. நாடு சுதந்திரம் பெற்ற பிறகும் நீண்ட நாள் உள்ளூர்க்காரரைச் சேர்க்கவில்லை. பெண்களுக்குத் தனி வாசல் இருந்தது. இன்று அன்றைக்குக் கட்டணம் கட்டி யாரும் உறுப்பினராகலாம். ஆனால் இரவுச் சாப்பாட்டுக்கு ஆண்கள் கோட்டும் டையும் போட வேண்டும். இல்லாதவருக்கு வாசலிலேயே இரவல் தருவார்கள். முள்ளாலும் செய்யலாம் வாசல், கழுத்துப் பட்டியாலும் செய்யலாம்.

டிக்கோயா, நோர்வூட் பக்கத்துப் பழைய பங்களாக்கள் வேறு வழியில் திறந்தன. 1888இல் கட்டிய டியன்சின் பங்களா, காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள சமர்வில், நோர்வூட் முதலானவை 2005இலிருந்து உயர்தர விடுதிகள். பிரான்ஸில் தலைமையகம் வைத்து, கோட்டை மாளிகை விடுதிகளுக்குச் சான்று கொடுக்கும் ரெலே எ ஷாதோ சங்கம் இலங்கையில் முதலில் சேர்த்துக்கொண்டது இவற்றைத்தான். கந்தப்பளையில் ஹெதர்செட் தேயிலை ஸ்டோரே ஹோட்டலாகிவிட்டது. கொழுந்து வாட்டிய மாடிகளில் இப்போது படுக்கையறைகள். ஓர் இரவு வாடகையைக் கேட்டால் கொழுந்தெடுப்பவருக்கு எத்தனை நாள் சம்பளம் என்று மனம் தானாகக் கணக்குப் போடும். காசு இல்லாதவர் டிக்கோயாவில் 1878இல் எழுந்த வார்லி தேவாலயத்துக்குப் போகலாம். கல் சுவர், இங்கிலாந்திலிருந்து வந்த வண்ணக் கண்ணாடி, கீழே நீர்த்தேக்கம், பக்கத்தில் துரைமார் கல்லறைகள்.

பழைய கட்டடத்தைப் பாதுகாப்பதில் தவறில்லை. எதைச் சேர்த்துப் பாதுகாக்கிறோம் என்பதுதான் கேள்வி. கென்டின் கிராவென்ஸ்டீன் கோட்டை 19ஆம் நூற்றாண்டில் பஞ்சாலையாக இருந்தது. பிரபு உலாவிய மதிலுக்குள் தொழிலாளர் குடும்பங்கள் குடியிருந்தன. 1907இல் பொதுமக்களுக்குத் திறந்தபோது அந்த ஆலையின் தடம் துடைத்தெடுக்கப்பட்டிருந்தது. இடைக்காலக் கோட்டையாகவே காட்ட விரும்பினார்கள். அன்ட்வேர்ப்புக்கும் பிரஸ்ஸல்ஸுக்கும் நடுவேயுள்ள பிரேன்டொன்க் கோட்டை நேர்மாறு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அன்ட்வேர்ப்பைக் காக்கக் கட்டிய கொங்கிரீட் கோட்டை அது. இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் அதைச் சிறைமுகாமாக்கினார்கள். 1947இல் அது நினைவிடமானபோது பீரங்கி மேடையை முன்னால் நிறுத்தவில்லை, கைதிகளின் கொட்டடியை நிறுத்தினார்கள். ஒரே நிலத்தில் இரண்டு கோட்டை, இரண்டு முடிவு. மலையகத்தில் இப்போதைக்கு கென்டின் வழிதான் நடக்கிறது.

விலக்கு ஒன்று உண்டு. கம்பளைக்கு அருகே பரதேக்காவில், கண்டியிலுள்ள சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்தைத் திறந்தது. அங்கே மாளிகை கிடையாது. லயமே காட்சியறை. பத்தடிக்குப் பன்னிரண்டு அடி என்று சொல்லக் கேட்டவர்கள் காம்பரா என்ற அந்த லய அறையின் நடுவில் நின்று கையை விரித்துப் பார்க்கலாம். சமையல், படுக்கை, பிள்ளைப்பேறு, சாவு எல்லாம் நடந்த அளவு அது. பழைய வீட்டுச் சாமான்கள், வேலைக் கருவிகள், வாத்தியங்கள், ஆவணங்கள், தொழிற்சங்கத் தலைவர்களின் நினைவுகள் உள்ளே இருக்கின்றன. 1948இல் தோட்டத் தமிழரின் குடியுரிமை போன கதையைத் தோட்டத்துப் பிள்ளைகள் பாடப்புத்தகத்தைவிட இங்கே நன்றாகப் படிக்கலாம்.

கண்டியிலிருந்து நுவரெலியாவுக்குப் போகிற வேன்கள் கம்பளையைத் தொட்டுத்தான் போகின்றன. பரதேக்காவுக்குக் கொஞ்சம் விலக வேண்டும், அவ்வளவுதான். பாடசாலைச் சுற்றுலா ஒழுங்கு செய்யும் ஆசிரியர்களும், வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரைக் கூட்டிப் போகிறவர்களும் அடிஷமையும் தபால் நிலையத்தையும் பட்டியலில் வைத்துக்கொள்ளட்டும். பரதேக்காவை அவற்றுக்கு முன்னால் எழுதட்டும். வழக்கமான பாதையில் போகாத இடம் என்பதால், புறப்படுமுன் கண்டியிலுள்ள நிறுவகத்தில் திறந்திருக்கும் நேரத்தைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.